கூரை மட்டும் போதும்

என் மகள் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "கூரையை மட்டும் பாத்துக் குடுங்கப்பா. போதும்."

நாலு வருஷத்துக்குப் பிறகு அவள் என்னிடம் கேட்ட முதல் உதவி அது. எனக்குத் தலைகால் புரியவில்லை. "அதுக்கென்னம்மா, ஜமாய்ச்சுடலாம்" என்றேன். அவள் சிரிக்கவில்லை. வண்டிச் சாவியை என் கையில் தராமல் அவள் அம்மாவின் கையில் கொடுத்துவிட்டுத் தன் விடுதிக்குப் போய்விட்டாள்.

அவள் நிலம் அளக்கும் வேலையில் இருக்கிறாள். புதிதாக ரயில் பாதை போடப் போகும் இடங்களில், ஆள் அரவமே இல்லாத பொட்டல்களில், மாதக் கணக்கில் அளவுக் கருவியின் முக்காலியை நட்டுக்கொண்டு நிற்கும் வேலை. பக்கத்தில் தங்க இடம் கிடைக்காது. கிடைத்தாலும் தனியாக வரும் பெண்ணுக்கு அறை கொடுக்க ஆயிரம் கேள்வி கேட்பார்கள். அதனால் ஒரு பழைய வேனை வாங்கியிருந்தாள். ஒரு போட்டோகிராபர் காடு மேடெல்லாம் சுற்றுவதற்காகத் தன் கையாலேயே உள்ளே கட்டில், அடுப்பு, குழாய், அலமாரி எல்லாம் பொருத்தி வைத்திருந்து, முழங்கால் தேய்ந்துபோனதும் விற்ற வண்டி. வண்டிக்கு வயது இருபத்திரண்டு. மழை பெய்தால் வெளியே நிற்பதற்கும் உள்ளே உட்காருவதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

நான் முப்பத்தொரு வருஷம் நகரத்துத் தண்ணீர்க் குழாய்களில் கசிவு அடைத்தவன். கூட வேலை பார்த்தவர்கள் எனக்கு வைத்த பெயர் 'வாஷர்'. ஓய்வு பெற்று மூன்று வருஷம் ஆகியும் பழைய ஆட்கள் தெருவில் பார்த்தால் "என்ன வாஷர், சௌக்கியமா?" என்றுதான் கேட்பார்கள். எங்காவது சொட்டுச் சத்தம் கேட்டால் எனக்குச் சோறு இறங்காது. கல்யாண வீட்டில் கை கழுவப் போனவன் அந்த மண்டபத்துக் குழாயைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன் என்று என் மனைவி இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள்.

மகள் என்னோடு பேசாமல் போன கதையையும் சொல்லிவிடுகிறேன். கல்யாணமாகி ஒன்றரை வருஷத்தில் ஒரு நாள் மத்தியானம் ஒரு பெட்டியோடு வந்து நின்றாள். "மூச்சு முட்டுதுப்பா. என்னால அங்க இருக்க முடியல" என்றாள். நான் ஏன், என்ன என்று எதுவும் கேட்கவில்லை. "எல்லா வீட்லயும் இருக்கிறதுதான். கொஞ்சம் பொறுத்துக்கிட்டா சரியாயிடும்" என்றேன். சாயங்காலம் நானே காரில் ஏற்றிக்கொண்டு போய் அந்த வீட்டு வாசலில் விட்டுவிட்டு வந்தேன். பெட்டியையும் நான்தான் உள்ளே தூக்கி வைத்தேன். அதற்குப் பிறகு எட்டு மாதம் அங்கே இருந்தாள். பிறகு ஒரு நாள் வெளியேறினாள். ஆனால் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அம்மாவோடு தினமும் பேசுவாள். நான் போனை எடுத்தால் "அம்மா இருக்காங்களா?" என்பாள். நான் நல்லதுக்குத்தான் சொன்னேன் என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். என் மனைவி மட்டும் அதற்குத் தலையாட்டியதே இல்லை.

அவள் அடுத்த இடத்துக்குக் கிளம்ப மூன்று வாரம் இருந்தது. வண்டியைத் தெருவிலேயே நிறுத்திவிட்டு ஏணி போட்டு ஏறினேன். கூரையின் நடுவில் காற்றுக்காகத் திறக்கும் ஒரு சின்ன ஜன்னல். அதைச் சுற்றிப் பூசியிருந்த பசை காய்ந்து, வெடித்து, காபிக் கறை நிறத்தில் இருந்தது. அதை உளியால் சுரண்டவே இரண்டு நாள் ஆனது. அடியில் இருந்த மரச் சட்டம் உளுத்துப் போயிருந்தது. விரலை வைத்தால் பொடிப்பொடியாக உதிர்ந்தது. புதுச் சட்டம் அறுத்து வைத்து, துருப் பிடித்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, இரண்டு கோட் பெயின்ட் அடித்து, சுற்றிலும் சிலிகான் பூசினேன். ஐந்தாம் நாள் சோதனை. என் மனைவியை டார்ச்சோடு உள்ளே உட்கார வைத்துவிட்டு மேலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினேன்.

"வருதா?"

"வருது!"

"எங்க?"

"என் தலையில! இதுக்குத்தான் என்னைக் கூப்பிட்டு உக்கார வெச்சீங்களா?"

ஜன்னலை மூடாமலேயே ஊற்றியிருக்கிறேன். மூடிவிட்டு மறுபடி ஊற்றினேன். ஆறு வாளி. ஒரு சொட்டு இறங்கவில்லை. அவள் புடவைத் தலைப்பைப் பிழிந்துகொண்டே இறங்கி வந்து, "சரி, முடிஞ்சுதுல்ல? சாவியைக் குடுங்க" என்றாள்.

அன்றைக்கே கொடுத்திருக்க வேண்டும்.

இன்னும் பதினாறு நாள் இருந்தது. வண்டி வாசலிலேயே நின்றது. என் கை துறுதுறுத்தது. முதலில் பக்கவாட்டு ஜன்னல்களின் ரப்பரை மாற்றினேன். பிறகு கதவு ஓரங்களில் புது ரப்பர் பட்டை ஒட்டினேன். தரையில் ஒயர் போகும் துவாரத்தில் பசை. சக்கரத்துக்கு மேலே துரு அரித்த இடத்தில் தகடு. என் மனைவி வாசலைக் கடக்கும்போதெல்லாம் "கூரை கீழ வரைக்கும் வந்துடுச்சு போல" என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போவாள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மகளிடம் வாயால் சொல்ல முடியாததையெல்லாம் கையால் செய்துகொண்டிருந்தேன் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது அதெல்லாம் தோன்றவில்லை. ஓட்டை இருந்தது, அடைத்தேன்.

கடைசியாகப் பார்த்ததுதான் அந்தப் பெட்டி. உட்காரும் பலகைக்கு அடியில் சின்ன கேஸ் சிலிண்டர் வைத்திருக்கும் மரப்பெட்டி. சிலிண்டரை நகர்த்திப் பார்த்தால், பெட்டியின் அடித்தட்டில் இரண்டு ஓட்டைகள். எலுமிச்சம்பழம் நுழையும் அளவு. மேலே கொசுவலை மாதிரி ஒரு கம்பி வலை. குனிந்து பார்த்தால் தெரு தெரிகிறது! எனக்குக் கோபமே வந்துவிட்டது. இவ்வளவு அழகாக வேலை செய்த அந்த போட்டோகிராபர் இங்கே வந்து கோட்டை விட்டுவிட்டாரே, ஏதோ குழாயைப் பிடுங்கிவிட்டு மூடாமல் விட்டுவிட்டாரே என்று திட்டினேன். மண் ரோட்டில் ஓடினால் தூசி முழுக்க உள்ளே வரும். மழைத் தண்ணீர் தெறிக்கும். பாம்பு ஏறினால்கூடக் கேட்பாரில்லை. என் பெண் அதற்கு மேலேதானே உட்காருவாள்?

அலுமினியத் தகட்டில் இரண்டு வட்டம் வெட்டினேன். வலையைப் பிய்த்துவிட்டு, மேலே ஒரு பூச்சு, கீழே ஒரு பூச்சு, தகட்டைப் பதித்து, ஒவ்வொன்றுக்கும் நாலு திருகு போட்டு, பெட்டியின் நிறத்திலேயே பெயின்ட் அடித்தேன். என் வாழ்நாளில் செய்த மிகச் சுத்தமான வேலைகளில் அது ஒன்று. ஓட்டை இருந்த இடம் எனக்கே தெரியவில்லை.

"அது எதுக்கு வெச்சிருக்காங்கன்னு அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்ல?" என்றாள் என் மனைவி.

"ஓட்டையை எதுக்கு வெப்பாங்க? தெரியாம விட்டிருக்காங்க."

ஞாயிற்றுக்கிழமை காலையில் மகள் வந்தாள். ஏணியில் ஏறிக் கூரையைக் கையால் தடவிப் பார்த்தாள். இறங்கி வந்து, "நல்லா இருக்குப்பா" என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். கதவு ரப்பரைக் காட்டினேன். அவள் முகம் லேசாக மாறியது. "இதெல்லாமுமா பண்ணீங்க?" என்று கேட்டாள். அந்தக் குரலில் நான் எதிர்பார்த்தது இல்லை. அதனால் மற்றதையெல்லாம் மென்று முழுங்கிவிட்டேன். பலகைக்கு அடியில் இருந்ததைக் காட்டவே இல்லை. அந்த ஒன்றைக் காட்டியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

அவள் கிளம்பிப் போனாள்.

வியாழக்கிழமை காலை, ஹார்டுவேர் கடைக்குப் போனேன். ஒரு காரியமும் இல்லை. தம்பட்டம் அடிக்கத்தான் போனேன். கடைக்காரர் எனக்கு இருபது வருஷப் பழக்கம்; அவருடைய தம்பி வேனில் சாப்பாட்டுக் கடை நடத்துகிறவன். போனில் இருந்த படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினேன். கூரை, ஜன்னல், கதவு. அவரும் "அடேயப்பா" போட்டுக்கொண்டே வந்தார். பெட்டியின் படம் வந்ததும் விரலை வைத்து நிறுத்தினார்.

"அண்ணே, இது கேஸ் வைக்கிற பெட்டியா?"

"ஆமா."

"அடியில ஓட்டை இருந்திருக்குமே?"

"இருந்துச்சு. எங்க இருந்துச்சுன்னு சொல்லுங்க பாப்போம்?" என்றேன், வாயெல்லாம் பல்லாக.

அவர் சிரிக்கவில்லை. போனை என் கையிலேயே திருப்பி வைத்தார்.

"அண்ணே, அது வேணும்னே வைக்கிற ஓட்டை. கேஸ் காத்தை விடக் கனம். கசிஞ்சா மேல போகாது, தரையிலதான் தேங்கும். அது கீழ இறங்கி வெளிய போறதுக்குத்தான் அந்த ஓட்டை. அதை அடைச்சா உள்ளயே நிக்கும். யாராவது தெரியாம தீக்குச்சி உரசினா…"

ஓட்டையை மட்டுமா அடைத்தேன்? கதவு, ஜன்னல், ஒயர் போகிற துவாரம் என்று ஒரு எறும்பு நுழைய வழியில்லாமல் செய்திருக்கிறேன். கேஸ் டியூப் பழசு. அதை மாற்றவில்லை, அதில் சொட்டுகிற தண்ணீர் இல்லையே, அதனால் என் கண்ணில் படவே இல்லை.

கடை வாசலிலிருந்தே அவளுக்குப் போன் செய்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. மறுபடி, மறுபடி. வீட்டுக்கு ஓடினேன். என் மனைவியிடம் சொன்னபோது அவள் கத்தவில்லை. கையிலிருந்த துணியை அப்படியே போட்டுவிட்டு, மகளுடைய அலுவலகத்துக்குப் போன் செய்தாள். அங்கே சிக்னல் கிடையாது, சாயங்காலம் ஜீப் போகும்போது சொல்லிவிடுகிறோம் என்றார்கள். "சாயங்காலமா?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தாள்.

"ஒரு மணிக்கு வண்டிக்கு வந்து டீ போட்டுக்குவா. தினமும் அப்படித்தான்னு சொன்னா" என்றாள். கடிகாரத்தில் ஒன்பதரை. அந்த இடம் மூன்றரை மணி நேரத் தூரம்.

காரை எப்படி ஓட்டினேன் என்று எனக்கு நினைவில்லை. பாதி வழியில் அவள்தான் கேட்டாள்.

"அவகிட்ட என்ன சொல்லப் போறீங்க?"

நான் அதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தேன், வெட்கக்கேடு. பெண் உயிரோடு இருக்கிறாளா என்ற பயத்துக்கு நடுவிலும் ஒரு மூலையில் அந்தக் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. "டியூப் பழசாச்சேன்னு ஞாபகம் வந்துச்சு, மாத்திக் குடுக்கலாம்னு வந்தோம்னு சொல்லிக்கலாம். அவ அந்தப் பக்கம் திரும்பும்போது நான் அந்தத் தகட்டைக் கழட்டிடுவேன்."

என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு ரோட்டைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள். முப்பத்தைந்து வருஷத்தில் அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

போய்ச் சேரும்போது மணி ஒன்றுக்குப் பத்து நிமிஷம். கல்லும் முள்ளுமாக ஒரு மேட்டு நிலம். வேன் ஒரு மரத்தடியில் தனியாக நின்றது, எல்லாக் கதவும் அடைத்து. தூரத்தில், மேட்டின் அந்தக் கோடியில், முக்காலியும் தொப்பியுமாக ஒரு உருவம். அது அசைந்தது. எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

பக்கவாட்டுக் கதவை இழுத்தேன். நான் போட்ட ரப்பர் விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டது. பலம் கொண்டமட்டும் இழுத்ததில் திறந்தது. கூடவே முகத்தில் அறைந்தது கேஸ் நாற்றம். முழங்கால் உயரத்துக்கு நிற்கிற தண்ணீருக்குள் இறங்குகிற மாதிரி இருந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளே போய், பலகையைத் தூக்கி, சிலிண்டரின் வால்வைத் திருகி மூடினேன். டியூப் ரெகுலேட்டரில் சேருகிற இடத்தில் வெடித்திருந்தது. எல்லாக் கதவையும் திறந்து போட்டுவிட்டு வெளியே வந்து தரையில் உட்கார்ந்தேன். அடுப்பின் மேல் டீப் பாத்திரம் தயாராக இருந்தது. பக்கத்திலேயே தீப்பெட்டி.

சற்று நேரத்தில் நாற்றம் குறைந்தது. மகள் எங்களைப் பார்த்துவிட்டாள். மேட்டிலிருந்து வேகமாக வந்துகொண்டிருந்தாள். வந்து சேர ஐந்தாறு நிமிஷம் ஆகும். என் சட்டைப் பையில் ஸ்க்ரூட்ரைவர் இருந்தது. எட்டுத் திருகு. சிலிகானை ஒரு கீறு கீறினால் தகடு வந்துவிடும். வெடித்த டியூபைக் காட்டினால் போதும். மகளைக் காப்பாற்ற ஓடி வந்த அப்பா ஆகிவிடலாம். ஸ்க்ரூட்ரைவரைக் கையில் எடுத்தும்விட்டேன்.

என் மனைவி மரத்தடியில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் பெண் இன்னும் பத்து நிமிஷத்தில் எரிந்து செத்திருப்பாள். என் கையால். இதற்கு மேலும் காப்பாற்றிக்கொள்ள எனக்கு என்ன மானம் இருக்கிறது? ஸ்க்ரூட்ரைவரை வண்டிப் படியில் வைத்துவிட்டு எழுந்து நின்றேன்.

"என்னம்மா? என்னப்பா? யாருக்கு என்ன ஆச்சு?" மகள் மூச்சிரைக்க வந்து நின்றாள். முகமெல்லாம் புழுதி.

"யாருக்கும் ஒண்ணும் ஆகலம்மா. கேஸ் கசிஞ்சிருக்கு. டியூப் வெடிச்சிருக்கு."

"கேஸா? நேத்து அந்தக் கல் ரோட்டுல ஏத்தினேன். ராத்திரியே லேசா வாடை வந்துச்சு. காலையில தலைவலி. வெயிலா இருக்கும்னு நெனச்சேன். கதவைத் திறந்து வெச்சுத்தான் டீ போட்டேன். அப்புறம், அடியில ஓட்டை இருக்கே, கசிஞ்சாலும் வெளிய போயிடும்னு…"

"ஓட்டை இல்லம்மா."

அவள் புரியாமல் பார்த்தாள்.

"நான்தான் அடைச்சேன். தகடு வெச்சு, பசை பூசி, பெயின்ட் அடிச்சு. எதுக்குன்னு தெரியாது. யார்கிட்டயும் கேக்கல. அம்மா கேக்கச் சொன்னா, கேக்கல. நீ வந்தப்ப உன்கிட்ட காட்டவும் இல்ல. தப்பு பண்ணிட்டேன்."

அந்தக் கடைசி வார்த்தையை நான் இதற்கு முன் யாரிடமும் சொன்னதாக ஞாபகம் இல்லை. வேலையில்கூடச் சொன்னதில்லை.

அவள் வண்டிக்குள் ஏறிப் பலகையைத் தூக்கிப் பார்த்தாள். கையால் அந்த இடத்தைத் தடவினாள். அடுப்பையும் தீப்பெட்டியையும் பார்த்தாள். அப்படியே அந்தத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அந்த போட்டோகிராபர் எனக்கு ஒவ்வொண்ணா காட்டினார்ப்பா. இதை மட்டும் எந்தக் காலத்துலயும் மூடக் கூடாதுன்னு ரெண்டு தடவ சொன்னார். அதுக்குத்தான் கூரை மட்டும்னு சொன்னேன்."

"ஆமா. சொன்ன."

"அன்னைக்கும் சொன்னேன்." அவள் குரல் உயரவில்லை. "பெட்டியோட வந்து நின்னேன். மூச்சு முட்டுதுன்னு சொன்னேன். ஏன்னு ஒரு வார்த்தை கேக்கல நீங்க. கொண்டுபோய் உள்ள விட்டுட்டு வந்துட்டீங்க."

என் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் அழுவது தெரிந்தது. நல்லதுக்குத்தான் சொன்னேன் என்ற வாக்கியம் வழக்கம்போல என் நாக்கு நுனிக்கு வந்தது. அதை விழுங்கினேன். "ஆமாம்மா" என்றேன்.

மகள் கையை நீட்டினாள். "ஸ்க்ரூட்ரைவரைக் குடுங்க."

"நான் எடுத்துத் தரேனே. அது கெட்டியா…"

"குடுங்கப்பா."

கொடுத்தேன். அவள் குப்புறப் படுத்துக்கொண்டு திருகுகளைக் கழற்றினாள். பசையைக் குத்திக் குத்திக் கீறினாள். லேசில் வரவில்லை. ஓரத்தில் சாய்த்துக் குத்தினால் சட்டென்று வந்துவிடும் என்று எனக்குத் தெரியும். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தேன். கால் மணி நேரம் போராடினாள். முதல் தகடு பெயர்ந்தது; எடுத்து வெளியே மண்ணில் போட்டாள். அந்த ஓட்டை வழியாக வெளிச்சம் பெட்டிக்குள் வந்தது.

"நான் என்னம்மா செய்யட்டும்?"

"எதையும் செய்ய வேணாம். சும்மா உக்காருங்க."

உட்கார்ந்திருந்தேன். அவள் இரண்டாவதில் கை வைத்தாள். அவள் முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. சட்டை வேர்வையில் ஒட்டியிருந்தது. நாலு வருஷமாக, அதற்கு முன்னால் அந்த ஒன்றரை வருஷமாக, அந்த வீட்டைப் பற்றி அவளிடம் நான் ஒரு கேள்வி கேட்டதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கேட்டால் பதில் வரும். அதைக் கேட்டுக்கொள்ள எனக்குப் பயமாக இருந்தது. கேட்டேன்.

"அந்த வீட்ல என்னம்மா நடந்துச்சு?"

ஸ்க்ரூட்ரைவரின் சத்தம் நின்றது. அவள் திரும்பவில்லை. சொல்ல மாட்டாள், சொல்ல அவளுக்கு ஒரு அவசியமும் இல்லை என்று நினைத்தேன். பிறகு மறுபடி பசையைக் கீறிக்கொண்டே, கையிலிருந்த வேலையைப் பார்த்துக்கொண்டே, அந்த வீட்டில் முதல் மாதம் நடந்ததிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். இரண்டாவது தகடு பெயர்ந்த பிறகும் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை.